பழைய ஃபிலிம் கேமராவின் மீட்டர் தவறாகக் காட்டும்போது

சிறிய ஃபிலிம் கேமரா ஒன்றை ஆசையாக வாங்கி, முதல் ரோலை எடுத்து முடித்து, கழுவக் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக் காத்திருந்தவருக்கு, முப்பத்தாறு படங்களில் பாதிக்கு மேல் சேறு போல இருண்டு வந்தால் மனம் சோர்ந்துபோவது இயல்பே. விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வரும்: “மீட்டர் போயிருக்கும்.” கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் கருவியைத்தான் மீட்டர் என்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்ட அன்றே கேமராவை அலமாரியில் வைத்து மறந்துவிட்டவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மீட்டர் போய்விட்டது என்று சொல்லும்போது அது மூன்று வெவ்வேறு நிலைகளில் ஒன்றாக இருக்கலாம். மீட்டர் அசைவே இல்லாமல் கிடக்கலாம். அசைந்தாலும் எந்த வெளிச்சத்திலும் ஒரே அளவு தவறாகக் காட்டலாம். அல்லது வெயிலில் ஒரு விதமாகவும் நிழலில் வேறு விதமாகவும், இன்றைக்கு ஒன்றாகவும் நாளைக்கு ஒன்றாகவும் தவறலாம். முதல் நிலையில் இருக்கும் பல கேமராக்களில் மீட்டரே இல்லாமல் படம் எடுக்க முடியும். இரண்டாம் நிலையில் அதே மீட்டரைச் சிறு கணக்கால் திருத்திக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டலாம். மூன்றாம் நிலையில் மட்டுமே அதை நம்பக் கூடாது. நம் கையில் இருப்பது எந்த நிலை என்று தெரிந்துகொள்ள அரை நாள் வெளிச்சமும் ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதலில் மீட்டர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபிலிம் மேல் விழும் ஒளியின் அளவை இரண்டு பொருள்கள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று, லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் துளை. இன்னொன்று, ஃபிலிமை மறைத்து நிற்கும் கதவான ஷட்டர் திறந்திருக்கும் நேரம். எவ்வளவு ஒளி தேவை என்பதை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் சொல்கிறது. துளையின் அளவை எஃப் எண்களால் குறிப்பார்கள்: 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறிதாகும். இந்த வரிசையில் ஒரு படி ஏறினால் உள்ளே வரும் ஒளி பாதியாகும், ஒரு படி இறங்கினால் இரு மடங்காகும். ஷட்டர் நேரத்தை 1/125 விநாடியிலிருந்து 1/60 விநாடிக்கு மாற்றினாலும் ஏறக்குறைய இரு மடங்கு ஒளி வரும். இப்படி இரட்டிப்பதையோ பாதியாக்குவதையோ ‘ஒரு ஸ்டாப்’ என்கிறோம். மீட்டரின் பிழையை அளக்கும் அளவுகோலும் இந்த ஸ்டாப்தான் என்பதால், இந்த ஒரு சொல்லை மட்டும் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்தே ஒளியை அளந்துவிட முடியாதா என்று கேட்கலாம். மதிய வெயிலுக்கும் ஜன்னல் திறந்திருக்கும் ஒரு சாதாரண அறைக்கும் இடையே வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் வேறுபடும். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வந்த இரண்டொரு நிமிடத்தில் கண்மணி விரிந்து, பார்வை பழகி, அறை நமக்கு இயல்பாகவே தெரியத் தொடங்கிவிடுகிறது. ஃபிலிமுக்கு அப்படிப் பழகிக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. அந்த நூறு மடங்கு வேறுபாட்டை ஏதாவது ஒன்று எண்ணாகச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்காகத்தான் மீட்டர் இருக்கிறது.

மீட்டருக்குத் தான் பார்ப்பது முகமா, சுவரா, வானமா என்று தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்லும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆகவே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரை நோக்கி அளந்தால் அந்தச் சுவர் சாம்பலாக இருண்டு வரும். கறுப்புக் கோட்டு அணிந்தவரை நெருங்கி அளந்தால் கோட்டு வெளுத்து வரும். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரை எடுத்தால் ஜன்னல் சரியாக விழுந்து ஆள் நிழலுருவாகிவிடுவார். இவற்றில் எதுவும் பழுது அன்று. நல்ல நிலையில் இருக்கும் மீட்டரும் இப்படித்தான் நடந்துகொள்ளும். பழுதடைந்தது என்று ஒதுக்கப்பட்ட கேமராக்களில் சில, இந்த இயல்பைப் புரிந்துகொள்ளாததால் மட்டுமே ஒதுக்கப்பட்டவை என்பதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

அடுத்ததாக, குற்றம் உண்மையிலேயே மீட்டரில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். இதற்கு நெகட்டிவ்வே, அதாவது வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெளிறியும் தலைகீழாகத் தெரியும் கழுவிய ஃபிலிமே, முதல் சாட்சி. ஸ்கேன் செய்து வந்த படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேன் செய்யும் கருவி தானாகவே இருளையும் வெளிச்சத்தையும் சரிக்கட்டிவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, படங்களுக்கு வெளியே ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் சிறு எண்களையும் எழுத்துகளையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அந்த எழுத்துகள் கறுப்பாக, அழுத்தமாக இருந்து, படங்கள் மட்டும் கண்ணாடி போல வெளிறியிருந்தால், ஃபிலிமுக்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை என்று பொருள். ஓர எழுத்துகளும் சேர்ந்தே வெளிறியிருந்தால் கழுவியதில்தான் குறை. கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். எழுத்துகள் இயல்பாக இருந்து, படங்கள் மட்டும் கரி போல அடர்ந்திருந்தால் ஒளி அதிகமாகிவிட்டது.

ஒளி அதிகமானதற்கு மீட்டர் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. பழைய எண்ணெய் பரவித் துளையின் இதழ்கள் ஒட்டிக்கொண்டு, சுருங்க வேண்டிய நேரத்தில் சுருங்காமல் போவது சிறிய கேமராக்களில் அடிக்கடி நேர்வது. ஃபிலிம் இல்லாத நேரத்தில் பின்கதவைத் திறந்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கிக் கேமராவைப் பிடித்து, ஷட்டரை அழுத்தும் கணத்தில் லென்ஸ் வழியாகத் தெரியும் ஓட்டையைக் கவனியுங்கள். எஃப் 22 வைத்து அழுத்தும்போது குண்டூசித் தலை அளவுக்கும், எஃப் 2.8 வைத்து அழுத்தும்போது லென்ஸ் முழுவதும் திறந்தாற்போலவும் தெரிந்தால் இதழ்கள் நலம். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தால் மீட்டர் சரியாகச் சொன்னாலும் கேமரா அதைக் கேட்கவில்லை என்று அர்த்தம். அது வேறு வைத்தியம்.

1980களின் நடுவிலிருந்து வந்த தானியங்கிச் சிறு கேமராக்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1983இல் கோடக் அறிமுகப்படுத்திய டிஎக்ஸ் முறைப்படி, ஃபிலிம் குப்பியின் மேலேயே கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். குப்பி உட்காரும் அறையில் இருக்கும் சிறு உலோக முனைகள் அந்தக் கட்டங்களைத் தொட்டு ஐஎஸ்ஓ எண்ணைப் படித்துக்கொள்ளும். அந்த முனைகளில் அழுக்குப் படிந்தால் கேமரா எண்ணைத் தவறாகப் படிக்கும். பல கேமராக்கள் எதையும் படிக்க முடியாதபோது 100 என்று வைத்துக்கொள்ளும். 400 ஃபிலிமை 100 என்று நினைத்தால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு ஸ்டாப் ஒளி மிகுந்துவிடும். பஞ்சுக் குச்சியில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளைத் துடைத்தாலே இந்தப் ‘பழுது’ தீர்ந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படங்கள் தவறினால், இனி மீட்டரைப் பார்க்கலாம். கையில் இருக்கும் கேமராவில் எந்த வகை மீட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது எப்படிக் கெடும் என்பதும் அமைகிறது.

லென்ஸைச் சுற்றியோ அதற்கு மேலேயோ தேன்கூடு போலக் குமிழ் குமிழாக ஒரு கண்ணாடிப் பட்டை இருந்து, பேட்டரி போடவே இடம் இல்லை என்றால், அது செலினியம் மீட்டர். ஒலிம்பஸ் நிறுவனம் 1967இலிருந்து 1984 வரை தயாரித்த ட்ரிப் 35 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செலினியத்தின் மேல் ஒளி பட்டால் அதுவே மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டம் ஒரு முள்ளை நகர்த்தும். முள் நின்ற இடத்தைக் கொண்டு கேமரா துளையைத் தீர்மானிக்கும். பேட்டரியே தேவைப்படாத இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் செலினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சுக்குள் ஈரம் புகுந்து அரித்துவிட்டால், மின்னோட்டம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். முள் முழுத் தூரம் போகாது. வெளிச்சம் குறைவு என்று கேமரா நினைத்துக்கொண்டு துளையை அதிகம் திறக்கும்; படங்களில் ஒளி மிகும். கடைசியில் முள் நகரவே நகராது.

ட்ரிப் 35இல் இதைக் கண்டுபிடிப்பது எளிது. துளை வளையத்தை ‘ஏ’ என்னும் தானியங்கி நிலையில் வைத்து, குமிழ்க் கண்ணாடியை உள்ளங்கையால் நன்றாக மூடி, ஷட்டரை அழுத்துங்கள். கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் ஒரு சிறு சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டர் அழுந்தாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். கையை எடுத்து வெளிச்சத்தை நோக்கி அழுத்தினால் கொடி எழாமல் படம் விழ வேண்டும். பட்டப்பகலிலும் சிவப்புக் கொடியே எழுந்தால் மீட்டர் இறந்துவிட்டது. இதற்கு மாறாக, கையால் மூடியபோதும் கொடி எழவில்லை என்றால் முள் எங்கோ சிக்கி நிற்கிறது. ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: கொடி சரியாக எழுந்து தாழ்கிறது என்பதால் மீட்டர் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே தெரியும், அது சொல்லும் அளவு சரி என்று தெரியாது. ‘சிவப்புக் கொடி வேலை செய்கிறது’ என்ற ஒரே உறுதியை நம்பி விலை கொடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பேட்டரி போடும் இடமும், பட்டாணி அளவு வட்டக் கண்ணாடியும் இருந்தால், 1960களிலும் 70களிலும் வந்த கேமராக்களில் அது பெரும்பாலும் காட்மியம் சல்பைடு மீட்டர். 1966இல் வந்த ரோலை 35, 1972இல் வந்த கேனோனெட் கியூஎல் 17 ஜிIII ஆகியவை இந்த வகை. காட்மியம் சல்பைடு தானாக மின்சாரம் தராது. ஒளி படப்பட அதன் மின்தடை குறையும், பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் கூடும், முள் நகரும். மங்கிய வெளிச்சத்தை அளப்பதில் இது செலினியத்தைவிடத் திறமையானது. அதற்கு ஒரு பழக்கம் உண்டு: கடும் வெயிலைப் பார்த்த பிறகு அறைக்குள் கொண்டுவந்தால், முந்தைய வெளிச்சத்தின் நினைவு சிறிது நேரம் அதில் தங்கியிருக்கும். ஆகவே வெளியிலிருந்து வந்ததும் அளந்துவிட்டு ‘தப்பாகக் காட்டுகிறது’ என்று சொல்லாமல், ஓரிரு நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும்.

இந்த வகைக் கேமராக்களில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி மீட்டரில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்நாளில் இவற்றை வடிவமைத்தவர்கள் பிஎக்ஸ் 625 என்ற பாதரச பேட்டரியை மனத்தில் வைத்துத்தான் மீட்டரின் அளவைக் குறித்தார்கள். பாதரச பேட்டரி தரும் மின்னழுத்தம் 1.35 வோல்ட், தீர்ந்துபோகும் நாள் வரை அது ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அந்த மாறாமைதான் மீட்டருக்கு வேண்டியது. பாதரசம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும் என்பதால் இந்த பேட்டரிகள் ஒவ்வொரு நாடாகத் தடை செய்யப்பட்டன; அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் விற்பனையை முடித்துவைத்தது. அந்தத் தடை முற்றிலும் நியாயமானது. பழைய கேமராவுக்குள் அப்படி ஒரு பேட்டரி இன்னும் கிடந்தால் அதைக் குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்றைக்குக் கடையில் 625 என்று கேட்டால் கிடைப்பது அதே உருவத்தில் இருக்கும் அல்கலைன் பேட்டரி. உருவம் ஒன்றுதான், ஆனால் அது 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்த மெல்ல இறங்கிக்கொண்டே போகும். புதிதாகப் போட்டதும் முள் தேவைக்கு மேல் நகரும். வெளிச்சம் அதிகம் என்று கேமரா ஏமாந்து, ஒளியைக் குறைத்துவிடும். படம் இருண்டு வரும். சில மாதங்கள் கழித்து அதே பேட்டரி இறங்கிவரும்போது பிழையும் மாறிவிடும். மூன்றாம் நிலை என்று மேலே சொன்னேனே, அந்த நிலையற்ற பிழை பல கேமராக்களில் இப்படித்தான் பிறக்கிறது. மீட்டர் நலமாக இருக்க, பேட்டரி அதைப் பொய் சொல்ல வைக்கிறது. (மின்னழுத்தம் மாறினாலும் அளவு மாறாதபடி சுற்றமைத்த கேமராக்களும் உண்டு, உங்களுடையது அதில் ஒன்றா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதற்குக் கைகண்ட மாற்று இரண்டு. காது கேட்கும் கருவிகளுக்குப் போடும் 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தருகிறது. பாதரசத்துக்கு மிக நெருக்கம், இறங்காமல் நிற்கும், மருந்துக் கடைகளிலும் காதுக் கருவி விற்கும் இடங்களிலும் கிடைக்கும். அதன் விட்டம் 625ஐவிடச் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டு நடுவில் நிறுத்த வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்ததும் காற்று உள்ளே புகுந்து அது வேலை செய்யத் தொடங்கிவிடும். கேமராவைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தீர்ந்துவிடும். இன்னொரு வழி, 1.55 வோல்ட் தரும் சில்வர் ஆக்சைடு பேட்டரியை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் டையோடு பொருத்திய உலோகக் கூட்டுக்குள் வைத்துப் போடுவது. கூட்டுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். அடிக்கடி படம் எடுப்பவருக்கு முதல் வழியையும், எப்போதாவது எடுப்பவருக்கு இரண்டாவது வழியையும் நான் சொல்வேன்.

ரோலை 35 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: அதில் பேட்டரி இருக்கும் இடம் ஃபிலிம் அறைக்குள்ளே. ரோல் பாதியில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால், கதவைத் திறக்காமல் மாற்ற வழியில்லை. மீட்டரை நிறுத்தும் பொத்தானும் அதில் கிடையாது. வெளிச்சம் படும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். எடுத்து முடித்ததும் உறைக்குள் போட்டுவிடுவதுதான் அதை அணைக்கும் முறை.

பேட்டரியை மாற்றியும் முள் அசையவில்லை என்றால், பேட்டரி உட்காரும் குழியைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு கேமராவில் அடிமூடியை நாணயத்தால் திருப்பப் பார்த்தபோது அது அசைய மறுத்தது. விளிம்பில் ஒரு சொட்டு வினிகர் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, கரகரவென்ற ஒலியுடன் கழன்று வந்தது. உள்ளே பச்சையும் வெள்ளையுமாக, கரைந்துபோன கற்பூரம் போல ஒரு பொருள் பூத்திருந்தது. எப்போதோ கசிந்த பேட்டரியின் உப்பு அது. வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் தொட்டதும் நுண்ணிய குமிழ்கள் எழுந்தன. ஆறேழு குச்சிகள் மாற்றிய பிறகு அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, பென்சில் ரப்பரால் தேய்த்து, பேட்டரியைப் போட்டேன். முள் துள்ளி எழுந்ததைப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. கசிவு பேட்டரிக் குழியைத் தாண்டிக் கம்பிக்குள் ஏறிவிட்டால் இது பலிக்காது. கம்பியின் உறைக்குள்ளே செம்பு கறுத்தோ பச்சையாகவோ பொடிந்திருக்கும். கம்பியை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். பழுது பார்ப்பவருக்கு அது சிறிய வேலைதான்.

இப்போது முள் அசைகிறது. அது சொல்வது சரியா என்று அளக்கும் நேரம். ஒப்பிடுவதற்கு இன்னொரு மீட்டர் வேண்டும். கைபேசியில் இறக்கிக்கொள்ளும் லைட் மீட்டர் செயலியே போதும். அதுவும் அரை ஸ்டாப் அளவுக்குப் பிசகலாம், ஆனால் நாம் தேடுவது அதைவிடப் பெரிய பிழையை. ஒரே நிறத்தில், ஒரே சீராக ஒளி விழும் வெறுஞ்சுவரைத் தேர்ந்தெடுங்கள். வானமோ விளக்கோ தரையோ உள்ளே வராதபடி இரண்டையும் சுவருக்கு அருகில் ஒரே இடத்தில் பிடித்து, இரண்டிலும் ஒரே ஐஎஸ்ஓவும் ஒரே ஷட்டர் வேகமும் வைத்து, கிடைக்கும் எஃப் எண்ணை எழுதுங்கள். இதை வெயில் படும் சுவரில் ஒருமுறை, கட்டடத்தின் நிழலில் ஒருமுறை, மேகம் மூடிய நேரத்தில் ஒருமுறை, ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையில் ஒருமுறை, மாலை மங்கும்போது ஒருமுறை செய்யுங்கள். மறுநாளும் இரண்டு இடங்களில் திரும்ப அளந்து பாருங்கள்.

நான் உப்பைச் சுரண்டிய அந்தக் கேமராவின் தாளில் இப்படி இருந்தது: வெயிலில் கைபேசி எஃப் 11 என்றது, கேமரா 16 என்றது, நிழலில் கைபேசி 4, கேமரா 5.6; அறைக்குள் ஷட்டரைக் குறைத்து அளந்தபோது கைபேசி 2.8, கேமரா 4. மூன்று இடத்திலும் கேமரா சரியாக ஒரு ஸ்டாப் ஒளியைக் குறைத்தே கேட்கிறது. மறுநாளும் அப்படியே. இத்தகைய மீட்டரை யாரும் பழுது பார்க்கத் தேவையில்லை. ஃபிலிம் 200 என்றால் கேமராவின் ஐஎஸ்ஓ வளையத்தை 100இல் வைத்தால் முடிந்தது. ஃபிலிமின் உணர்வு குறைவு என்று நம்பி, கேமரா ஒரு ஸ்டாப் ஒளியைக் கூட்டிக் கேட்கும், பழைய பிழை அதில் கரைந்துவிடும். எண்ணைப் பாதியாக்கினால் ஒரு ஸ்டாப் ஒளி கூடும், இரு மடங்காக்கினால் ஒரு ஸ்டாப் குறையும். செலினியம் தேய்ந்த கேமரா ஒளியை அதிகமாகக் கேட்பதால், அதில் எண்ணை உயர்த்த வேண்டும்; ட்ரிப் 35இன் வளையம் 400 வரைதான் போகும் என்பதால், உயர்த்துவதற்கு இடம் இருக்கும்படி 100 அல்லது 200 ஃபிலிமைப் போடுவது நல்லது. திருத்த எண்ணை ஒரு துண்டுக் காகித டேப்பில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.

தாளில் வெயிலுக்கு அரை ஸ்டாப், நிழலுக்கு ஒன்றரை, அறைக்கு மூன்று என்று பிழை படிப்படியாக வளர்ந்தால், வெளியில் மட்டும் அந்த மீட்டரை நம்பி, உள்ளே வந்ததும் கைபேசியைப் பார்த்துக்கொள்ளலாம். எண்கள் ஒழுங்கே இல்லாமல் முன்னும் பின்னுமாகச் சிதறினால், அல்லது மறுநாள் அளவுகள் முதல் நாளோடு ஒத்துப்போகாவிட்டால், திருத்தம் போடுவதில் பயனில்லை. அந்த மீட்டர் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த எண்ணையும் வெளியே காட்டாத தானியங்கிக் கேமராவாக இருந்தால், ஒரு ரோலைச் சோதனைக்கே ஒதுக்குங்கள். வெயிலில் ஒரு காட்சி, நிழலில் ஒன்று, அறையில் ஒன்று. ஒவ்வொன்றையும் ஐஎஸ்ஓ வளையத்தை 50, 100, 200, 400 என்று மாற்றி மாற்றி எடுத்து, எந்தப் படம் எந்த எண் என்று குறித்துவையுங்கள். கழுவிய பின் நெகட்டிவ்வைப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கும். இதற்குக் காலாவதியான ஃபிலிமைப் போடாதீர்கள். ஃபிலிமின் குறையையும் மீட்டரின் குறையையும் பிறகு பிரித்தறிய முடியாது.

மீட்டர் இறந்தேவிட்டது என்றால் என்ன செய்வது என்பது கேமராவைப் பொறுத்தது. ரோலை 35இல் ஷட்டரும் துளையும் முழுவதும் கையால் வைப்பவை. மீட்டர் வெறும் ஆலோசகர் மட்டுமே. கேனோனெட்டில் தானியங்கி நிலையிலிருந்து துளை வளையத்தை நகர்த்தினால் பேட்டரி இல்லாமலே எல்லாம் இயங்கும். 1979இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ போன்றவற்றில் ஷட்டரே மின்சாரத்தால் இயங்குவதால், மின்சுற்று இறந்தால் படமும் இல்லை. ட்ரிப் 35 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ‘ஏ’ நிலையில் சிவப்புக் கொடி மறித்தாலும், துளை வளையத்தை ஏதாவது ஓர் எஃப் எண்ணில் வைத்தால் ஷட்டர் 1/40 விநாடியில் தடையில்லாமல் அடிக்கும்.

கையால் வைக்கும் எண்களுக்கு வழிகாட்ட, ஃபிலிம் பெட்டிகளின் உட்புறத்தில் பல ஆண்டுகள் அச்சிட்டு வந்த ‘வெயிலுக்குப் பதினாறு’ விதி இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் நேரத்தின் அடியெண்ணாக வையுங்கள். 100 ஃபிலிமுக்கு 1/125, 200க்கு 1/250, 400க்கு 1/500 என்று அருகில் இருக்கும் வேகம் போதும். மற்ற வேளைகளில் வானத்தைப் பார்க்காமல் தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருந்தால் 16. விளிம்பு கலங்கியிருந்தால் 11. நிழல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தால் 8. நிழலே இல்லை என்றால் 5.6. வெயில் நாளில் மரத்தடியிலோ கட்டடத்தின் ஓரத்திலோ ஒதுங்கி நிற்பவருக்கு 4. ட்ரிப் 35இல் துளையைக் கையால் வைக்கும்போது 1/40 என்ற ஒரே வேகம்தான் என்பதால், 100 ஃபிலிம் போட்டு இந்த எண்களை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்: வெயிலுக்கு 22, ஒதுங்கிய நிழலுக்கு 5.6. கணக்கில் மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டுமே மிகும்.

அந்த மிகை கவலைப்பட வேண்டியதன்று. கலர் நெகட்டிவ் ஃபிலிமும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஃபிலிமும் இரண்டு ஸ்டாப் அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். குறைந்த ஒளியை மட்டும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் பொறுக்காது, நிழல் பகுதிகளில் விவரமே இல்லாமல் போய்விடும். ஆகவே இரண்டு எண்களுக்கு நடுவில் ஐயம் வந்தால் ஒளி கூடும் பக்கம் சாயுங்கள். நெகட்டிவ்வாக இல்லாமல் நேராகவே படமாகக் கழுவப்படும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இது பொருந்தாது. அது அரை ஸ்டாப் பிழையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமான மீட்டர் உள்ள கேமராவில் அதைப் போடவே வேண்டாம்.

கேமராவைத் திறந்து தாமே சரி செய்துவிடலாம் என்ற ஆசை வருவது இயற்கை. உள்ளேயே ஃபிளாஷ் பொருத்திய கேமராவாக இருந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்சாரம், பேட்டரியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் தங்கியிருக்கும். ஃபிளாஷ் இல்லாதவற்றிலும் மீட்டரின் முள் தலைமுடி போன்ற சுருளில் தொங்குவது. ஒருமுறை வளைந்தால் திரும்பாது. பழைய இயந்திரக் கேமராக்களில் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோகும்போது, ‘மீட்டர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் எழுதிய அந்தத் தாளையும், ஓரம் வெட்டாத ஒரு நெகட்டிவ் பட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த வெளிச்சத்தில் எத்தனை ஸ்டாப், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், தேய்ந்த செலினியத் தகட்டை மாற்ற வேண்டுமா, உள்ளே இருக்கும் சிறு மின்தடையைத் திருப்பினால் போதுமா, அரித்த கம்பியைத் தேட வேண்டுமா என்பதை அவர் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வார்.